ரயில் வர்றதுக்கு முன்னாடி

எங்க அப்பத்தாவுக்கு ஆட்டைக் கண்டாலே ஆகாதுன்னுதான் சின்ன வயசுல நெனச்சுக்கிட்டு இருந்தேன். விடியறதுக்கு ரொம்ப முன்னாடி, கோழிகூட கூப்பிட்டிருக்காது, எந்திரிச்சு வந்து திண்ணைக்குக் கீழ கட்டிக் கெடக்குற ஆட்டைப் பாத்து "ச்சீ சனியனே, கயித்தை இழுக்காம கெடக்க மாட்டியா, ஒன்னைய என்னைக்குத்தான் தொலைக்கப் போறேனோ"ன்னு ஒரு பாட்டு பாடும். ஆடு செவனேன்னு அசை போட்டுக்கிட்டுக் கெடக்கும், அது கயித்தை இழுத்து நான் பாத்ததே இல்ல. அந்தச் சத்தத்துல திண்ணையில படுத்திருக்குற தாத்தா முழிச்சு எந்திரிச்சு உக்காருவாரு. அப்பத்தா வாசப்படியில நின்னமேனிக்கே "கொல்லைப் படலைச் சாத்துனீகளா"ன்னு கேக்கும். "சாத்திட்டேன்"ம்பாரு. அவ்வளவுதான் பேச்சு. கொஞ்ச நேரத்துல பாம்பன் பக்கமா போற ரயில் வரும், எங்க வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல நாலு பனையும் கொஞ்சம் கருவேலமும்தான், திண்ணையே லேசா அதிரும், போயிரும். பெறகு ரெண்டு பேரும் படுத்துருவாங்க.

எங்க ஊரு உச்சிப்புளி பக்கம். நான் இப்ப ராமநாதபுரத்துல அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஆதார் நகல், பட்டா நகல், அப்ளிகேசன் டைப்பிங், இதுக்கு நடுவுல ஆள் இல்லாத நேரத்துல ஆறு வருசமா ஒரு நாவல் அடிச்சுக்கிட்டு இருக்கேன். சரித்திர நாவல்னு சொன்னா எல்லாரும் எந்த ராஜான்னு கேக்குறாங்க. ராஜா இல்லங்க எங்க தாத்தாதான்னு சொன்னா ஒரு மாதிரி பாத்துட்டு, சரி ரெண்டு காப்பி பேக் டு பேக் போடுங்கன்னு பேப்பரை நீட்டுறாங்க.

தாத்தா மலேயாவுக்குப் போனவரு. எங்க பக்கத்துல அப்பல்லாம் மழை பேஞ்சா விவசாயம் பேயலைன்னா கப்பல்னு இருந்திருக்கு, பர்மா, மலேயா, சிலோன்னு போகாத வீடு கம்மி. 1938-ல தோட்ட வேலைக்கு மலேயா போறதை இங்க இருந்த அரசாங்கம் தடை பண்ணுச்சு, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி கப்பலேறிட்டாரு, அப்ப கல்யாணம் ஆகி ஒரு வருசம், பெரியப்பா அப்பத்தா வயித்துல. ரப்பர் தோட்டத்துல பால் எடுக்குற வேலை. மாசாமாசம் இல்லைன்னாலும் மணியார்டர் வந்துக்கிட்டு இருந்திருக்கு. 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில விழுந்துச்சு, அதோட மணியார்டரும் நின்னுச்சு கடுதாசியும் நின்னுச்சு.

அங்க நடந்தது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். சயாம்ல, அதாவது இப்ப தாய்லாந்துங்கிறோமே, அங்க இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை, காட்டுக்குள்ள, ஜப்பான்காரன் 1942-ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சுட்டான். மூணு மாச வேலை, நல்ல கூலின்னு சொல்லித் தோட்டத்துல இருந்து ஆள் அள்ளிட்டுப் போனாங்க, அப்பறம் சொல்றதே இல்ல, லாரி வந்து நிக்கும் ஏத்திக்கும். அப்படிப் போனவங்கள்ல எங்க தாத்தாவும் ஒருத்தரு. போர்ல புடிபட்ட வெள்ளைக்காரக் கைதிங்க 60,000 பேருக்கு மேல அதுல வேலை செஞ்சு 12,000 பேருக்கு மேல செத்தாங்க. அவங்களுக்குத் தாய்லாந்துல காஞ்சனபுரில மட்டும் கிட்டத்தட்ட 7,000 கல்லறை, புல்லு வெட்டி, பேரு போட்டு வரிசையா இருக்கு. தமிழாளுங்க, மலாய்க்காரங்க, பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்கன்னு அதவிட மூணு மடங்கு ஆளு வேலை செஞ்சும் எத்தனை பேரு செத்தாங்கங்கிற கணக்குகூட ஒழுங்கா இல்ல. அந்த ரயிலை வச்சு உலகத்துல எழுதுன கதை, எடுத்த படம் எல்லாத்துலயும் தமிழாளு எங்க வர்றான்னு பாருங்க, கதாநாயகனுக்குப் பின்னால கூடை தூக்கிக்கிட்டு போவான், வசனம் கெடையாது. அந்தக் கோவத்துலதான் நான் எழுதவே உக்காந்தேன்.

உக்காந்து என்ன எழுதுனேன்னு கேளுங்க. 14-ஆம் அத்தியாயம். 1946, தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் எறங்கி ஊர் வந்து சேர்றாரு. கதாநாயகி ஓடி வர்றா, கட்டிப்பிடிக்கிறா, அவரு அவ தோள்ல சாஞ்சு காட்டுல நடந்ததெல்லாம் ஒண்ணு விடாம சொல்லி அழுறாரு, அவ கண்ணீரைத் தொடைக்கிறா, அன்னைக்கு ராத்திரி அவரு நாலு வருசத்துல மொத மொறையா நிம்மதியா தூங்குறாரு. 11 பக்கம். எழுதி முடிச்சுட்டு நானே அழுதேன், அந்த அளவுக்கு எனக்கு என் எழுத்து மேல பிரியம்.

அதை மொதல்ல படிச்சது மண்டபம் கேம்ப்ல இருந்து கடைக்கு வர்ற ஒரு அக்கா. 1990-ல சின்னப் புள்ளையா இலங்கையில இருந்து அகதியா படகுல வந்தவங்க. சர்டிபிகேட் நகல் எடுக்க வந்து நிக்கும்போது ஸ்க்ரீன்ல இருந்ததை எட்டிப் பாத்துப் படிச்சுட்டாங்க. "தம்பி, உவர் இவ்வளவு கதைக்கிறாரே, முதல்ல சாப்பிட்டவரோ?"ன்னாங்க. எனக்குப் புரியல. "உப்பிடி வந்து இறங்கின சனம் ஒண்டும் கதைக்காது தம்பி. சோறு எங்க கிடைக்குமெண்டுதான் பார்க்கும்"னு சொல்லிட்டு ரூபாய எண்ணி வச்சுட்டுப் போயிட்டாங்க. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, சரி அவங்களுக்கு இலக்கியம் புரியலன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

அடுத்தது அத்தை. தாத்தா திரும்பி வந்த பெறகு பொறந்தவங்க, எங்க அப்பாவுக்கு அக்கா. கண்ணு தெரியலன்னு என்னைய வாசிக்கச் சொல்லி, சாஞ்சு உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டே கேட்டுச்சு. கட்டிப்பிடிக்கிற எடம் வந்ததும் ஒரே சிரிப்பு, வெத்தலை எச்சி தெறிக்கச் சிரிப்பு. "யாரு, எங்காத்தாவா? எங்கய்யாவையா? போடா மருமகனே, தூங்குற மனுசனைத் தொட்டா என்ன ஆகும்னு ஒங்கப்பன்கிட்ட கேட்டியா"ன்னுச்சு. கேட்டேன். எங்க அப்பாவுக்கு ஆறோ ஏழோ வயசுல, பள்ளிக்கூடத்துல எதுக்கோ கையெழுத்து வேணும்னு பகல்ல படுத்திருந்த தாத்தாவைத் தோளைப் புடிச்சு உலுக்கியிருக்காரு. தாத்தா கண்ணு முழிக்கலையாம், கை மட்டும் வந்துச்சாம். விழுந்த அறையில ரெண்டு நாளு ஒரு காது கேக்கல. முழிச்சுப் பாத்த தாத்தா, புள்ளை சுருண்டு கெடக்கறதைப் பாத்துட்டு, பேசாம எந்திரிச்சுப் பனங்காட்டுப் பக்கம் போனவரு மறுநாள்தான் வந்திருக்காரு.

அத்தை சொல்லித்தான் ஆட்டுக் கதையே எனக்கு வெளங்குச்சு. தாத்தாவைத் தொட்டு எழுப்பக்கூடாது. பேரு சொல்லி எழுப்ப அப்பத்தாவுக்கு வழக்கமில்ல. ரயில் எழுப்புனாலோ, அன்னைக்கு முழுக்க மனுசன் மனுசனா இருக்க மாட்டாரு, நடுங்கிக்கிட்டே எங்கயாச்சும் போயி ஒக்காந்துக்கிருவாரு. ஊரை விட்டுப் போக முடியாது, இருக்கற நெலம் அங்கதான், தண்டவாளமும் அங்கதான். அதனால ரயில் வர்றதுக்கு முன்னாடி அப்பத்தா ஆட்டைத் திட்டும். வீட்டுச் சத்தத்துல முழிச்சா நம்ம வீடுன்னு தெரியுமாம். முழிச்சு, படல் சாத்தியாச்சான்னு ஒரு கேள்விக்குப் பதிலும் சொல்லிட்டு உக்காந்திருக்குறவரை ரயில் ஒண்ணும் செய்யாது. இத யாரும் அப்பத்தாவுக்குச் சொல்லிக் குடுக்கல.

இதைக் கேட்ட அன்னைக்குக் கடையில போயி எதேச்சையா முல்லைப்பாட்டை எடுத்தேன், காலேஜ்ல தமிழ்தான் படிச்சேன், பரீட்சைக்குப் படிச்ச சங்க காலத்துப் பாட்டு. பாசறையில ராஜா தூங்காம கெடக்குறாரு. ஜெயிச்சுக்கிட்டு இருக்குற ராஜாதான். அம்பு தைச்சுத் தீனி திங்காம காதைச் சாச்சுக்கிட்டு நிக்கிற குதிரை, வெட்டுப்பட்டுப் பாம்பு மாதிரி துடிச்ச யானையோட தும்பிக்கை, செத்துப்போன ஆளுங்க, இதெல்லாம் நெனவுல வந்துக்கிட்டே இருக்கு. இங்க அரண்மனையில ராணி காத்திருக்கு. ராணிக்கு ஆறுதலா வயசான பொம்பளைங்க நற்சொல் கேக்கப் போறாங்க, அதாவது யாரோ எதேச்சையா பேசுறது காதுல விழுந்தா அதைச் சகுனமா எடுத்துக்கறது, அப்ப ஒரு எடைச்சிப் பொண்ணு கயித்துல கட்டியிருக்குற கன்னுக்குட்டியப் பாத்து "ஒங்கம்மா இப்ப வந்துரும்"னு சொல்லுது. கன்னுக்குச் சொன்னதுதான். கிழவிங்க அத ராணிக்குன்னு எடுத்துட்டு வர்றாங்க. 103 அடிப் பாட்டு, இதுக்கு அஞ்சு மார்க் கேள்வின்னு மனப்பாடம் பண்ணித் தொலைச்சிருக்கேன் பாருங்க.

நம்ம சரித்திர நாவல்ல இந்தத் தூக்கம் வராத ராஜா எங்க போனாருன்னுதான் எனக்குத் தெரியல. வாள் சுத்துவாங்க, தலை உருளும், அடுத்த அத்தியாயத்துல நந்தவனம், நிலா, கன்னத்துல சிவப்பு. எங்க ஊரு ராமலிங்க விலாசம் அரண்மனைக்கு வந்திருக்கீங்களா? 18-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்து ஓவியம் இருக்கு, கட்டாயம் பாக்கணும். கீழ மண்டபத்துல தஞ்சாவூர் மராத்தியர் கூட நடந்த சண்டை, குதிரை, பீரங்கின்னு சுவர் பூரா. படி ஏறி மேல போனா அந்தப்புரம், ராஜா பொண்ணுங்களோட ஜாலியா இருக்காரு. ரெண்டும் ஒரே ராஜா. கீழ அத்தனை பேரை வெட்டிட்டு அந்தப் படி ஏறும்போது அவருக்குக் கை நடுங்குச்சா, மேல போய் ஒக்காந்து பேசாம இருந்தாரா, அந்தப் பொண்ணுங்கள்ல ஒண்ணாவது அதைக் கவனிச்சுச்சா, அதை யாரும் வரையல. என் 14-ஆம் அத்தியாயமும் அதேதான், நான் பெரிய புரட்சி பண்றதா நெனச்சுக்கிட்டு அந்தப்புரத்துச் சுவரைத்தான் காப்பி அடிச்சிருந்தேன்.

இன்னொரு தப்பும் பண்ணியிருந்தேன். என் கதாநாயகன் 1946-ல "என் மனசுக்குள்ள ஆறாத காயம் இருக்கு"ன்னு கவுன்சிலிங்ல பேசுற மாதிரி பேசுறாரு. அந்தப் பேச்சு அப்ப ஏதுங்க. போர்ல மனசு கலங்கிப்போன சிப்பாய்ங்களுக்கு வச்ச ஷெல் ஷாக்குங்கிற பேரே 1915-லதான் சார்லஸ் மையர்ஸ்ங்கிற டாக்டர் மெடிக்கல் பத்திரிகையில எழுதி வருது, பெரிய அதிர்ச்சிக்கு அப்பறம் வர்ற மனநோயை, பிடிஎஸ்டின்னு நாம இப்ப சொல்றதை, அமெரிக்காக்காரங்க மருத்துவக் கையேட்டுல சேத்ததே 1980. மொதல் உலகப்போர்ல இந்த மாதிரி ஆளுங்களுக்குப் பேச்சு மூலமா வைத்தியம் பாத்த ரிவர்ஸ்னு ஒரு டாக்டர் இருந்தாரு, அவரு அதுக்கு முன்னாடி நம்ம நீலகிரிக்கு வந்து தோடர்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி பெரிய புத்தகமே போட்டவரு, இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பாத்த மாதிரி இருந்துச்சு. அதே போர்ல ஓடிப்போனான், கோழைன்னு சொல்லி பிரிட்டிஷ்காரன் தன் படையில இருந்த 306 பேரைச் சுட்டும் கொன்னான், மன்னிப்பு குடுத்தது 2006-ல. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கே அந்தக் கதின்னா தோட்டத்துக் கூலிக்கு யாரு பேரு வைக்கப் போறா. எங்க வீட்டுல அதுக்குப் பேரு மலேயாக் காச்சல். தாத்தா மூங்கில் ஏணியை வீட்டுக்குள்ள விட மாட்டாரு, மலேயாக் காச்சல். மழை அடிச்சுப் பேஞ்சா திண்ணையில குத்த வச்சு உக்காந்து எண்ணிக்கிட்டே இருப்பாரு, என்னத்த எண்ணுனாருன்னு கடைசி வரைக்கும் சொல்லல, அதுவும் மலேயாக் காச்சல்தான்.

தண்ணி விசயம் ஒண்ணு உண்டு. சயாம் காட்டுல 1943 மழைக்காலத்துல காலரா வந்து ஆளுங்க கொத்துக் கொத்தா செத்துருக்காங்க. கைதிங்க கூட்டத்துல டாக்டருங்க இருந்தாங்க, தண்ணியக் காய்ச்சிக் குடின்னு சொன்னாங்க, நம்மாளுங்க கூட்டத்துல சொல்றதுக்கு ஆளில்ல. தாத்தா ஊருக்கு வந்த பெறகு காய்ச்சாத தண்ணி ஒரு மொடக்கு குடிச்சதில்ல. எங்க ஊருத் தண்ணி உப்பு, அதைப் பனமட்டையும் கருவேல முள்ளும் போட்டுத் தெனமும் அப்பத்தா காய்ச்சும், பானை அடியில வெள்ளை வெள்ளையா படியும், கொட்டாங்கச்சியால வறட்டு வறட்டுன்னு சொரண்டும். அந்தச் சத்தம் இப்பவும் எனக்குக் காதுல இருக்கு. விறகு இல்லாத நாள்ல சோத்துக்கு வைக்கிறதை நிறுத்திட்டுத் தண்ணிக்கு வச்சிருக்குன்னு அத்தை சொல்லுச்சு. ஊரே சிரிச்சிருக்கு, ராசா வீட்டுத் தண்ணின்னு.

இதையெல்லாம் கேட்டு நான் அப்பத்தாவைத் தெய்வமாக்கி 14-ஆம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதிட்டேன். அதுவும் தப்பு. வாசிச்சுக் காட்டுனதும் அத்தை சிரிக்கல, மொகத்தைத் தூக்கி வச்சுக்கிச்சு. "எங்காத்தா நாலு வருசம் தாலியைக் கழட்டவா வேணாமான்னு தெரியாம இருந்தா, அத எங்கடா எழுதுன"ன்னு கேட்டுச்சு. உண்மைதான். மாமியார் வீட்டுல ஒரு சாரார், அவன் செத்துட்டான், காரியம் பண்ணிருவோம்னு நின்னுருக்காங்க. அப்பத்தாவோட அண்ணன், வேற எடம் பாப்போம்னு வந்து நின்னுருக்காரு. பர்மா அரிசி நின்னு போயி, ஊரு பூரா பனங்கிழங்கைத் தின்னுக்கிட்டு இருந்த நேரம், கையில நாலு வயசுப் புள்ளை. ஓலைக் கொட்டான் பின்னி வித்து வயித்தைக் கழுவியிருக்கு. அப்பறம் அவரு வர்றாரு. வந்தவரைப் பாத்து ஓடவும் இல்ல கட்டிப்பிடிக்கவும் இல்ல, அடுப்புல இருந்ததை எறக்கி வச்சுட்டு வந்து எட்ட நின்னு பாத்திருக்கு. ஒருக்கா அத்தைகிட்ட சொல்லுச்சாம், "எனக்கு ரெண்டு கல்யாணம்டி. மொதல்ல ஒருத்தருக்குக் கட்டி வச்சாக. எட்டு வருசம் கழிச்சு அதே மொகத்தோட இன்னொருத்தரு வந்தாரு. ரெண்டு தடவையும் எனக்குச் சம்மதமான்னு யாரும் கேக்கல."

இதுக்கு மேல நான் என்னத்த காதல் எழுதறது. ஆனா ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லிடறேன்.

அவரு வந்த மறுவருசம் ராத்திரி கத்துறது ஜாஸ்தியாகி, பெரியவங்க சேர்ந்து அவரைக் கடலோரத்துல ஒரு கோயிலுக்குக் கொண்டு போயிருக்காங்க. எந்தக் கோயில்னு இங்க எழுதல, இப்ப அங்க அந்த வழக்கமும் இல்ல. சித்தம் கலங்குனவங்களைக் கொண்டு போயி விட்டா கனவுல உத்தரவு ஆகுற வரைக்கும் அங்கயே இருக்கணும். கால்ல சங்கிலி. அப்பத்தாவும் கூடவே போயி மண்டபத்துல கெடந்துச்சு. பத்துப் பதினஞ்சு நாளு தாத்தா தூங்கவே இல்லையாம், அசைஞ்சா சங்கிலிச் சத்தம், சத்தம் கேட்டா முழிப்பு. சயாம்ல சங்கிலி போட்டாங்களா இல்லையான்னு அதுக்குத் தெரியாது, அவரும் சொன்னதில்ல. ஒரு நாள் விடிகாலையில அப்பத்தா எந்திரிச்சு, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, "எனக்கு உத்தரவு ஆயிருச்சு, கூட்டிட்டுப் போகச் சொல்லிருச்சு"ன்னு சத்தம் போட்டிருக்கு. சாமி உத்தரவுக்கு எதிர்ப்பேச்சு உண்டா, கழட்டி விட்டுட்டாங்க. அத்தை பெரிய மனுசியான பெறகு, நெசமாவே கனவு வந்துச்சான்னு கேட்டிருக்கு. "நான் எங்கடி தூங்குனேன், கனவு வர்றதுக்கு"ன்னுச்சாம்.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடில ஒரு காப்பகத்துக் கொட்டகை தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டி வச்சிருந்தவங்க 28 பேரு செத்துப்போனாங்க. டிவில ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தாவுக்கு அப்ப எம்பதை ஒட்டி வயசு, காது மந்தம், நான் பக்கத்துல போயி சத்தமா சொன்னேன். "சங்கிலியோடயா"ன்னு மட்டும் கேட்டுச்சு. ஆமான்னேன். அன்னைக்குச் சாப்பிடல. எனக்கு அப்ப காரணம் தெரியாது, வயசானவங்க, வயிறு சரியில்லைன்னு ஓமத்தண்ணி போட்டுக் குடுத்தேன்.

தாத்தா 1984-லயே போயிட்டாரு, நல்ல சாவுதான். அதுக்கப்பறமும் அப்பத்தா ரயிலுக்கு முன்னாடி எந்திரிக்கிறதை நிறுத்தல. 2007-ல பாம்பன் பாலத்தை அகலப்பாதையா மாத்தி முடிக்கிற வரைக்கும் மாசக்கணக்குல எங்க பக்கம் ரயிலே இல்ல, தண்டவாளத்தையே பேத்துப் போட்டிருந்தாங்க. அப்பவும் அந்த நேரத்துக்குக் கட்டில் கிரீச்சுன்னு சத்தம் கேக்கும். கொஞ்ச நேரம் உக்காந்திருக்கும். படுத்துரும். ரெண்டு வருசத்துல அப்பத்தாவும் போயிருச்சு.

போன மாசம் 14-ஆம் அத்தியாயத்தை மூணாவது தடவையா எழுதி எடுத்துட்டுப் போனேன். மொத்தமே ஒண்ணரைப் பக்கம். கட்டிப்பிடிக்கிறது இல்ல, அழுகை இல்ல, காட்டுல நடந்ததைச் சொல்றதும் இல்ல. திண்ணை, ஆடு, படல், ரயில். அத்தை கண்ணை மூடிக் கேட்டுச்சு. முடிச்சதும் வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு, "ஆட்டைக் கருப்புன்னு எழுதியிருக்க"ன்னுச்சு.

"கருப்புதானே அத்தை, நான் பாத்திருக்கேனே."

"நீ பாத்தது கடைசி ஆடு. எனக்கு வெவரம் தெரிஞ்சப்ப செவலை. அதுக்கும் முந்தி ஒரு கொம்பு ஒடிஞ்சது நின்னுச்சுன்னு பெரியண்ணன் சொல்லும். முப்பத்தெட்டு வருசம்டா. ஒண்ணு செத்தா மறுநாளே சந்தையில இருந்து இன்னொண்ணு வந்துரும். பட்டினி கெடந்தப்பகூட அதை விக்க விடல."